வெளியிலிருந்து வந்த செடி

தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருசம் கொழுந்தெடுத்த பொன்னுத்தாயி இப்போது ஏரிக்கரைப் பூங்காவைக் கூட்டுகிறாள். சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட காடு; படகுக்கும் நடைக்கும் வருசம் முழுக்க ஆள் வரும். இன்று கங்காணி மம்மட்டியை நீட்டினார்.

“இந்தக் காட்டுக்குச் சொந்தமில்லாத செடிய எல்லாம் வேரோட புடுங்கணுமாம்க்கா. அந்த ரோசாவ மொதல்ல எடுங்க.”

இந்தக் கரை தோட்டத்து மயானமாக இருந்த காலத்தில், மகள் ஜெயந்தினியைப் புதைத்த இடத்தில் பொன்னுத்தாயி நட்ட ரோசா அது. சொன்னால் குழியையும் கிளறிவிடுவார்களோ என்று பயந்தாள்.

“பதினெட்டு வருசமா இங்கதானே தம்பி பூக்குது?” என்று மட்டும் கெஞ்சினாள்.

“எத்தன வருசமானா என்னக்கா? வெளியிலருந்து வந்ததுதானே.”

சொன்னவரும், கடல் தாண்டிக் கூலிக்கு வந்தவர்களின் லயத்தில் பிறந்தவர்தான்.

பொன்னுத்தாயி மம்மட்டியை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டு, உள்ளங்கையில் முள் ஏற இழுத்தாள். செடி அசையவில்லை. அடியில் மகள் பிடித்துக்கொண்டிருந்தாள்.