முழங்காலில் வைத்த புற்று மண்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு போர்டு இருந்தது. 'இயற்கை வைத்தியர்' என்று பச்சை எழுத்து, ஓரத்தில் ஒரு வேப்பிலை. அந்த வைத்தியர் நான்தான்.

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர்களைச் சரிபார்க்கும் வேலை. பல வருட வயிற்றெரிச்சல், ஒரு இயற்கை மருத்துவ முகாமில் காபியை விட்டு வயிற்றில் ஈரத்துணி கட்டியதில் அடங்கிவிட்டது. அம்மன் என்னை ஏதோ காரியத்துக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். காபியை விட்டவனையெல்லாம் கூப்பிடுவது என்றால் அவளுக்கு வேறு வேலை நடக்காது என்று அப்போது தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"முருகன இன்னும் கொஞ்சம் நவுந்துக்கச் சொல்லு. டாக்டருக்கு காத்து வரல" என்றாள் என் மனைவி.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு அக்கா. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து வந்து திருவொற்றியூரில் விற்பவர். இரண்டு முழங்காலிலும் வலி. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக, ஆடியில் தெருக்கோடி அம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். அதற்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"நைனா, பால்குடத்தோட கோயில் வரிக்கும் நடந்தா போதும் எனுக்கு. அப்பால இந்தக் காலு இன்னா ஆனாலும் ஆவட்டும்."

மண் பற்று போடலாம் என்றேன். நாலடி ஆழத்து மண் நல்லது, புற்று மண் அதைவிட நல்லது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் நாலடி தோண்டினால் மண்ணுக்கு முன்னால் எண்ணெய் நாற்றம் வரும். புற்று என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது அந்த அம்மன் கோயிலிலேயே இருந்தது.

அந்த மண்ணை நெற்றியில் பூசுகிறோமே, முழங்காலில் பூசினால் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். இருந்தாலும் உத்தரவு கேட்க வேண்டும் அல்லவா? சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே காகிதத்தில் மடித்துச் சன்னதியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை வந்தால் மண் எடுக்கலாம். சிவப்பு வந்தது. அம்மனுக்குக் கேள்வி சரியாக விளங்கவில்லை என்று மறுபடி போட்டேன். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை வந்தது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, புற்றின் பின்பக்கம் ஒரு பை நிறையத் தோண்டினேன்.

சலித்துக் குழைத்து, வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு முழங்காலிலும் பூசினேன். அக்கா குனிந்து பார்த்தார். மண்ணிலிருந்து வெள்ளையாக எதையோ கிள்ளி எடுத்தார்.

"இன்னாப்பா இது? முட்டை ஓடு?"

புற்றுக்கு முட்டை வைப்பவர்கள் எங்கள் தெருவில் பாதிப் பேர். அக்காவும் வைப்பார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அடப்பாவி! ஆத்தாவ இட்டாந்து என் கால்ல வச்சிட்டியேடா!" காலை உதறப் போனவர், மண் கீழே விழுமே என்று உதறாமல் அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு, தன் முழங்காலையே பார்த்துக் கும்பிட்டார். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது என்றார். பக்கெட்டில் பிடித்து, தெருவே பார்க்க நான் கோயில் வேப்பமரம் வரை தூக்கிப் போய் ஊற்றினேன்.

சாயங்காலம் இரண்டு முழங்காலும் சிவந்து தடித்து அரித்தன. "கோச்சுக்கினா பாரு. பால்குடம் வாணாம்னு சொல்றா" என்று அக்கா அழுதார். என் வயிற்றெரிச்சல் திரும்ப வந்தது.

மறுநாள் ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அந்த மண்ணில் கலந்திருந்த குங்குமச் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார். களிம்பு எழுதினார். முழங்கால் தேய்ந்திருக்கிறது என்று மாத்திரையும் இரண்டு பயிற்சிகளும் கொடுத்தார்.

"யாரு இந்த மண்ணப் போட்டது?"

"இவுருதாம்மா. இவுரும் டாக்டருதான்" என்றார் அக்கா. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் போர்டைக் கழற்றினேன். தினமும் காலையில் அக்கா பயிற்சி செய்யும்போது எதிரில் நின்று எண்ணுவது மட்டும் என் வைத்தியம். பத்துக்கு எட்டு செய்துவிட்டுப் பத்து என்பார்.

ஆடி வந்தது. அக்கா பால்குடத்தோடு மெல்ல நடந்தார். நான் பக்கத்திலேயே, விழுந்தால் பிடிக்க. இரண்டு இடத்தில் நின்றார், உட்காரவில்லை. புற்றருகே வந்ததும் என் சட்டையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனார். நான் தோண்டிய பள்ளம் அப்படியே இருந்தது.

"ஆத்தா, இவன் மூணு வாட்டி கேட்டான். நீயும் ரெண்டு வாட்டி சொல்லிப் பாத்த. புத்தி கம்மி, வுட்டுடு" என்று சத்தமாகச் சொல்லி, பாலை முதலில் அந்தப் பள்ளத்தில் ஊற்றினார்.

பூ போட்டதை அவரிடம் சொன்னது என் மனைவியாகத்தான் இருக்க வேண்டும்.