கெலிண்டானை இறக்கிவிட்ட கப்பல்காரன்

அண்ணனுக்குக் கண் போன பிறகு, சனிக்கிழமை சாயங்காலங்களில் டிவி முன்னால் அவருக்குக் கண்ணாக உட்கார்ந்திருப்பது என் வேலையாயிற்று. இனிப்புநீர் நோய் முதலில் அவருடைய கால்விரலைக் கேட்டது, பிறகு கண்ணைக் கேட்டது, கடைசியில் கிட்னியையும் கேட்டது. “கேட்டதையெல்லாம் குடுத்துட்டேன், இன்னும் வாசல்லயே நிக்குது” என்பார். ரத்தம் கழுவுகிற நாட்களில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார்.

எங்களுடையது புலாவ் செபாங்கில், ரயில் போனால் அலமாரிக் கண்ணாடி அதிருகிற வீடு. அவர் கல்யாணம் கட்டவில்லை. என் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளையும் இல்லை. ஆக அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு டிவி.

வானத்தில் பறக்கிற கதை என்றால் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். ஆனால் இந்தத் தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு வெளிச்சம், இருட்டு என்ற அளவுக்குத்தான் பார்வை மிச்சம். அதில் இங்கிலீஷில் பேசுவார்கள், அடியில் மலாயில் எழுத்து ஓடும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மலாய் படிக்கக் கற்றுக்கொண்டது மளிகைக்கடையில் வேலை செய்தபோது, நெத்திலி மடிக்கிற பழைய பேப்பரில்தான். டிவியில் ஓடுகிற எழுத்து மறைவதற்குள் படித்து, தமிழாக்கிச் சொல்லி, நடுவில் யார் எங்கே நிற்கிறார்கள், முகம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கும். விளம்பரம் வந்தால்தான் தண்ணீர் குடிப்பேன்.

கதாநாயகன் ஒரு கப்பல்காரன். கடல் கப்பல் இல்லை, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சாமான் ஏற்றிப் போகிற கப்பல். யாரோடும் ஒட்டாத தனியாள். ஒரு சுரங்க ஊரில் இறங்கியபோது எஞ்சின் நின்றுவிடுகிறது. அங்கே பழுது பார்க்கத் தெரிந்த ஒரு பெண் அதைச் சரிசெய்துவிட்டு, கூலிக்குப் பதிலாக என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று ஏறிக்கொள்கிறாள். அவனுக்குப் பிடிக்கவில்லை. அதைத் தொடாதே, இங்கே உட்காராதே என்று முறைத்துக்கொண்டே இருக்கிறான்.

“அவ கெலிண்டான்” என்றார் அண்ணன், முதல் வாரமே.

லோரியில் டிரைவருக்குத் துணையாகப் போகிற ஆளை எங்கள் பக்கத்தில் கெலிண்டான் என்போம். அண்ணன் காலமெல்லாம் செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். தோட்டத்தில் ஏற்றி எண்ணெய் ஆலையில் கொட்டுகிற வேலை. உலகத்தில் எந்த விஷயத்தையும் அவர் லோரிக்குள் ஏற்றித்தான் பேசுவார்.

“பாத்துக்கிட்டே இரு. முதல்ல கெலிண்டான் பின்னாடி பழத்து மேலதான் உட்காருவான். மழை பேஞ்சா போனாப் போவுதுன்னு முன்னாடி கூப்பிடுவோம். முன்னாடி வந்துட்டா பேச்சு வரும். பேச்சு வந்துட்டா சோத்துப் பொட்டலம் ஒண்ணா பிரியும். அப்புறம் ஒரு நாள் டிரைவருக்குத் தூக்கம் வரும் பாரு, அன்னைக்குத்தான் தெரியும் வண்டி யாரோடதுன்னு.”

அப்படியேதான் நடந்தது. முதலில் எஞ்சின் அறையிலேயே படுத்திருந்தவள், ஒரு கல்மழைக்குப் பிறகு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவன் கேட்காமலே வழி சொன்னாள். பிறகு அவன் கேட்க, வழி சொன்னாள். ஒரு சனிக்கிழமை அவனுக்குக் காயம் பட்டுக் கிடந்தபோது அவளே கப்பலை ஓட்டிக் கரை சேர்த்தாள். அண்ணன் தொடையில் தட்டினார். “கதை எழுதுனவன் லோரி ஓட்டியிருப்பான்லா.”

அதற்கப்புறம்தான் எனக்குச் சங்கடம் பிடித்தது. அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. ஒரு வாரம் பேச்சில்லாமல் கிட்ட வந்து, கட்டிப் பிடித்து, முத்தம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். காலமெல்லாம் டிவியில் அந்த மாதிரி வந்தால் அவர் வெளியே போய் வேலிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், நான் அடுப்பைப் பார்க்கப் போவேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. இப்போது அவரால் எழுந்து போக முடியாது, நானும் போனால் கதை நின்றுவிடும்.

“என்ன, சத்தத்தையே காணோம்?” என்றார்.

“ஜன்னல்கிட்ட நின்னு நட்சத்திரம் பாக்குறாங்கண்ணே.”

அடுத்த வாரமும் நட்சத்திரம். அதற்கடுத்த வாரமும். “வேலைவெட்டி இல்ல போலிருக்கு ரெண்டு பேருக்கும்” என்றார். அதோடு நிற்கவில்லை நான். அவளை அவனிடம் ‘அண்ணே’ என்று பேச வைத்துவிட்டேன். நாலு படம் பார்த்த எந்தத் தங்கச்சியும் எங்கள் ஊரில் அதைத்தான் செய்திருப்பாள். அவருக்கும் அது பிடித்திருந்தது. கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் தங்கச்சி மாதிரி எப்படிப் பழகுகிறார்கள் பார் என்று, ரத்தம் கழுவுகிற இடத்தில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கெல்லாம் கதை சொல்லியிருக்கிறார்.

போன வருடக் கடைசியில் அந்தக் கட்டம் வந்தது. கப்பல்காரன் உடம்பில் ஏதோ நோய். இனி தேறமாட்டான் என்று தெரிந்துவிடுகிறது, அவளிடம் சொல்லவில்லை. ஆறும் வீடும் இருக்கிற ஒரு நல்ல ஊரில் கப்பலை இறக்குகிறான். அவள் தூங்கும்போது தூக்கிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தான் மட்டும் கிளம்பிப் போகிறான். விடிந்ததும் அவள் வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்க்கிறாள்.

நான் அண்ணனுக்குச் சொல்லி முடித்தேன்.

“சரியாத்தான் செஞ்சான்” என்றார்.

“என்ன சரி? அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

“கேட்டா விடுவாளா? தங்கச்சிய கடைசி வரைக்கும் பொணம் சுமக்க வைக்கிறவன் அண்ணனா?”

எனக்கு அப்போது உறைக்கவில்லை. திங்கட்கிழமை வேன் டிரைவர் தம்பி வாசலில் வைத்துக் கேட்டான், “அக்கா, அண்ணன் அடுத்த வாரத்துலேருந்து சிம்பாங் அம்பாட் இல்லத்துக்குப் போயிடுறாராமே, நான் இனிமே அந்தப் பக்கம் வந்துதான் ஏத்தணுமா?”

சிம்பாங் அம்பாட்டுக்குப் பக்கத்தில் சர்ச் ஆட்கள் நடத்துகிற முதியோர் இல்லம். நல்ல இடம்தான், குறை சொல்ல முடியாது. அண்ணன் அவனுடைய போனிலேயே அவர்களோடு பேசி, இடம் சொல்லி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாமல். உள்ளே போய்ப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் அவருடைய பழைய லோரிப் பை, தடவித் தடவி மடித்த சட்டைகளோடு. நான் பையைத் திரும்பத் தள்ளிவிட்டுப் பசியாற எடுத்து வைத்தேன். என்ன சொல்வது? கையால் தோசையைத் தேடிக்கொண்டிருந்த மனிதரிடம் எங்கிருந்து சண்டை பிடிப்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து எங்கள் தம்பியின் மகள் வந்தாள். டுரியான் துங்காலில் யூனிவர்சிட்டியில் படிக்கிறவள். பெரியப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்தவள், அந்தத் தொடரின் கடைசிக் கட்டம் மறுபடி ஓடுவதைப் பார்த்து, “ஐயோ, இத நான் ஹாஸ்டல்ல அழுதுக்கிட்டே பாத்தேன் பெரியப்பா. அவ்வளவு லவ் பண்ணிட்டு இப்படி விட்டுட்டுப் போறான் பாருங்க” என்றாள்.

“யாரு யாரை லவ் பண்றா?”

“இவங்க ரெண்டு பேரும்தான்.”

“அடச்சீ. அவங்க அண்ணன் தங்கச்சி, பிள்ள.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் புளியைக் கரைக்கிறேன் பேர்வழி என்று சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். “அத்தை, நீங்க என்ன சொல்லி வச்சிருக்கீங்க இவருக்கு?” என்றாள். பிறகு ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஜன்னலோரத்தில் நடந்தது என்ன என்பது உட்பட.

அண்ணன் சிரித்தார். அப்படி அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்து, இருமல் வந்து, “அவ்வளவு நட்சத்திரமா பிள்ள, அவ்வளவு நட்சத்திரமா” என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கினதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார், “அப்படின்னா அவன் செஞ்சது தப்பு. பொண்டாட்டி மாதிரி இருந்தவள சொல்லாமக் கொள்ளாம விட்டுட்டுப் போறது பெரிய தப்பு.”

புளிக் கையோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

“ஏண்ணே, தங்கச்சின்னா விட்டுட்டுப் போலாமா?”

அவர் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. தம்பி மகள் டிவியை நிறுத்திவிட்டாள்.

“பொண்டாட்டின்னா தப்பு, தங்கச்சின்னா சரி. எந்த ஊரு நியாயம் அது? பைய மடிச்சு வச்சிட்டீங்க. என்னைக்காவது என்னைக் கேட்டீங்களா?”

“கேட்டா நீ விடமாட்ட.”

“விடுறேனோ இல்லையோ, கேக்கணும்லா.”

ரயில் போனது, கண்ணாடி அதிர்ந்தது. அது அடங்கினதும் அண்ணன், “பையில வெள்ளைச் சட்டை இருக்கு, எடுத்து வெளிய போடு, கசங்கும்” என்றார். அதுதான் பதில். மறுநாள் இல்லத்துக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சில மாதங்கள் அப்படி ஓடின. அந்தத் தொடரின் அடுத்த பாகம் வரவில்லை, பழையதையே போட்டார்கள். இந்த முறை நான் ஒளிக்காமல் சொன்னேன். முத்தம் வந்தால், “அதாண்ணே” என்பேன். “ம், தண்ணி குடிச்சிட்டு வா” என்பார்.

பிறகு ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். நான் போய்த் தூக்கப் பார்த்தேன். என் முழங்கால் தேய்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. அவரோ மெலிந்த பிறகும் கனம்தான். பாதி தூக்கி, இருவருமாகச் சரிந்து, ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டோம். என் குரல் பக்கத்து வீட்டுக்கு எட்டவில்லை. அந்த வீட்டு மலாய்க்காரர் வேலைக்குக் கிளம்ப வெளியே வந்து, நான் கத்துவது கேட்டு ஓடி வரும் வரைக்கும் அப்படியே கிடந்தோம். அண்ணன் என் முழங்காலைத் தடவிப் பார்த்தார். வீங்கியிருந்தது. எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று விரலாலேயே அளந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டார்.

“தங்கச்சி, நான் போகவாம்மா?”

கேட்க வேண்டும் என்று கையில் புளியோடு நின்று சண்டை பிடித்தவள் நான்தான். கேட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவரைத் தூக்க முடியாத கை மடியில் கிடந்தது.

“போங்கண்ணே” என்றேன்.

லோரிப் பையை இந்தத் தடவை நான் மடித்து வைத்தேன். வெள்ளைச் சட்டையை மேலே வைத்தேன். வேன் டிரைவர் தம்பிதான் இல்லத்தில் கொண்டுபோய் விட்டான். முன் சீட்டில் அண்ணன், பின்னால் நான். இறங்கும்போது டிரைவர் தம்பியிடம், “கெலிண்டான பின்னாடி உட்கார வச்சிட்டியேடா” என்றார்.

இப்போது அந்தத் தொடரின் அடுத்த பாகம் வந்திருக்கிறது. இல்லத்து ஹாலில் வேறு நாடகம்தான் ஓடும், மற்றவர்களுக்கு இது பிடிக்காது. அதனால் சனிக்கிழமை வீட்டில் தனியாகப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்ச் சொல்கிறேன். பார்க்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் பார்க்கிறேன், பழக்கம் போகவில்லை. அண்ணன் இன்னும் மெலிந்துவிட்டார். கதை பாதியில் தூங்கிவிடுகிறார், விழித்ததும் விட்ட இடத்தைச் சரியாகக் கேட்கிறார்.

போன ஞாயிறு கேட்டார், “அவ இன்னும் கோபமாத்தான் இருக்காளா?”

“இல்லண்ணே. ஆத்தோரத்துல ஏதோ நட்டு வச்சிருக்கா. வீட்டைக் கூட்டுறா. ராத்திரி விளக்கை அணைக்கிறதில்ல.”

“அவன்?”

“அவனைக் காட்டல. கப்பல மட்டும் ஒரு தடவை காட்டுனாங்க, தூரத்துல.”

“ஓடுதா?”

நான் பார்த்ததைத்தான் சொன்னேன். “நிக்குதுண்ணே.”

அவர் தலையை ஆட்டினார். போர்வைக்கு வெளியே கையை நீட்டி என் முழங்காலைத் தேடி, வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.