இரண்டாம் பக்கத்துச் சலாம்

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் மகள் வீட்டுக்கு வந்த முதல் மாதமே, குப்பை வண்டி வரும் கிழமைகள், நூலக அட்டைக்கான விதிகள், பள்ளிப் பேருந்துக்குப் பின்னால் கார் நிற்க வேண்டிய தூரம் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. சென்னையில் சட்டத்துறை மொழிபெயர்ப்புப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவனுக்கு, விதி என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் விட முடியாது.

அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் சிக்கலைச் சொன்னபோது, மகள் என்னைக் கேட்காமலே என்னை ஒப்புக்கொடுத்துவிட்டாள்.

"அத்தா, அவங்க டாடிக்கு ஸ்ட்ரோக் வந்து இங்கிலீஷே போயிடுச்சாம். சின்ன வயசுல வீட்டுல பேசின யித்திஷ், அதான் யூதங்க பேசுற பாஷை, அது மட்டும்தான் வருதாம், நடுநடுவுல ஹீப்ரு. நர்சிங் ஹோம்ல யாருக்கும் புரியல. எங்க அத்தா ட்ரான்ஸ்லேட்டர்னு சொல்லிட்டேன்."

"எனக்கு யித்திஷ் தெரியாதேம்மா."

"பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியும். கேட்டா புரியும், பேசத்தான் வராது. நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கே, அது மாதிரி. நீங்க சார்ட் ஒண்ணு போட்டுக் குடுங்க, போதும். அங்க போயி ரூல்ஸ் பேசாதீங்க."

நம்ம வீட்டில் இருக்கும் அந்த ஒன்று, என் பேத்தி, சோபாவில் படுத்தபடி "ஐ ஹேர்ட் தட்" என்றாள்.

அடுத்த நாள் காலை அந்தப் பெண்மணி காரில் என்னை அழைத்துப் போனார். அவருடைய தந்தை நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர். ஆங்கிலத்தில் வாயாடி என்று பெயர் வாங்கியவராம். சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அறைக்குள் காலெடுத்து வைத்ததும் முகத்தை நிமிர்த்தி, இடது கையைச் சற்றுத் தூக்கிச் சொன்னார்:

"ஷோலெம் அலெய்ஹெம்."

எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அஸ்ஸலாமு அலைக்கும் என்று நாங்கள் சொல்வதுதான் அது, வேறு சட்டை போட்டுக்கொண்டு. என் நாக்கில் பதில் தயாராக இருந்தது. சலாம் சொல்வது நம் விருப்பம், சொன்னவருக்குப் பதில் சொல்வது கடமை என்று ஏழு வயதில் கற்றவன் நான். ஆனால் தாடியும் தொப்பியுமாக ஓர் அந்நிய இடத்துக்கு முதல் தடவை போயிருக்கிறேன். வாசலில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டபோது காவலாளி என்னை இரண்டு முறை பார்த்திருந்தார். வெளியில் பார்த்துப் பேசுங்கள் என்று மகள் மாதம் ஒருமுறை சொல்வாள். பதிலை விழுங்கிவிட்டு "குட் மார்னிங்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். இன்னொரு முறை சொன்னார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

மூன்று காலைகள் உட்கார்ந்து முப்பத்தொரு தொடர்கள் சேகரித்தோம். அவர் சொல்வார், அவர் மகள் பொருள் சொல்வார், நான் நல்ல ஆங்கிலத்தில் இணைச்சொல் எழுதுவேன். 'வாஸர்' என்றால் தண்ணீர். 'கால்ட்' என்றால் குளிர்கிறது. 'கெனுக்' என்றால் போதும். இவையெல்லாம் எளிது. 'போருக் ஹாஷெம்' வந்தபோது பேனா நின்றது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவர் சொல்வது அது, இறைவனுக்கே புகழ் என்று. ஒரு நாளைக்கு இருபது தடவை அல்ஹம்துலில்லாஹ் சொல்கிற நான், 'ஐ ஆம் ஃபைன்' என்று எழுதினேன். கண் பட்டுவிடாமல் இருக்கச் சொல்லும் 'கினெஹோரெ'க்கு 'டச் வுட்'. சட்டப்பிரிவில் இதைவிட மோசமானவற்றுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பிறகு என் வேலையின் சிறப்பைக் காட்டினேன். தொடர்களை இரண்டாகப் பிரித்தேன். பணியாளர் ஏதாவது செய்ய வேண்டியவை முதல் பக்கம், பெரிய எழுத்தில் பன்னிரண்டு வரி. மற்றவை இரண்டாம் பக்கம். அதன் தலைப்பில், பழக்க தோஷம், 'நடவடிக்கை தேவையில்லை' என்பதை ஆங்கிலத்தில் எழுதினேன்.

"அப்பா எல்லாரையும் வரவேற்பாரே, அது முதல் பக்கத்தில் இல்லையே?" என்று பெண்மணி கேட்டார்.

"அது வெறும் ஹெலோ. ஹெலோவுக்கு ஹெலோ சொல்ல அவர்களுக்குத் தெரியும்," என்றேன். "ஒரே பக்கம் மாட்டுங்கள். இரண்டாம் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். என் அனுபவம்."

முதல் பக்கத்தை லேமினேட் செய்து கட்டிலுக்கு மேலே மாட்டினார்கள். பிரமாதமாக வேலை செய்தது. தண்ணீர் கேட்டால் தண்ணீர் வந்தது, குளிர் என்றால் போர்வை வந்தது. பெண்மணி எனக்கு ஒரு கேக் செய்து கொடுத்தார். பேத்தி, "தாத்தா, யூ ஆர் ஃபேமஸ்," என்றாள். ஒரு வாரம் நான் வீட்டில் சற்று உயரமாக நடந்தேன் என்று மனைவி சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, பெண்மணி வேலி ஓரமாக நின்று சொன்னார்: "அப்பா இப்போது அந்தத் தாளில் இருப்பதை மட்டும்தான் பேசுகிறார்."

அதைப் பாராட்டாகத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. மறுநாளே அவருடன் போனேன்.

கிழவர் அதே ஜன்னலோரம் இருந்தார். நான் வாசலில் நின்றேன். கை உயரவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அவருக்கு முன்னால் உணவு மேசையில் ஆறு காகிதக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் விளிம்புவரை தண்ணீர்.

பணியாளர் பெண் உள்ளே வந்தார். கிழவர் அவரைப் பார்த்து, "வாஸர்," என்றார். பணியாளர் சிரித்தபடி, "வரேன், டார்லிங்," என்று சொல்லிப் போய் ஏழாவது கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். கிழவர் அதைத் தொடவில்லை.

"குடிப்பதே இல்லையா?" என்று கேட்டேன்.

"குடிக்க மாட்டார். ஆனால் நான் உள்ளே வந்தால் கேட்காமல் இருக்க மாட்டார்," என்றார் பணியாளர். "முன்னெல்லாம் நான் வந்தால் வேறு எதையோ சொல்வார், நீளமாக. சொல்லிவிட்டு என் வாயைப் பார்ப்பார். ஹாய் என்பேன். திரும்பச் சொல்வார். மறுபடி ஹாய் என்பேன். பாவம், என்ன வேண்டுமோ என்று தாளில் தேடினேன், இல்லை. அப்புறம் அவரே விட்டுவிட்டார்."

தண்ணீருக்குத்தான் பதில் வந்தது. அதனால் அவர் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்த பேனாவால் ஒரு தாளில் பெரிதாக எழுதினேன்: 'அவர் ஷோலெம் அலெய்ஹெம் என்று சொன்னால், நீங்கள் திருப்பி அலெய்ஹெம் ஷோலெம் என்று சொல்ல வேண்டும். கட்டாயம்.' கட்டாயம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். பணியாளர் நான்கு முறை சொல்லிப் பழகினார், என்னைவிட நன்றாகவே. "இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே, அங்கிள்?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரியாமல் விட்டுப்போன தொடர் இல்லை அது. முப்பத்தொன்றில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே தொடர். முதல் நாள் நான் பதில் சொல்லாததை நியாயமாக்கத்தான், பதில் தேவையில்லாத பக்கத்தில் அதைச் சேர்த்தேன்.

பிறகு கிழவர் முன்னால் போய் நின்று, நானே முந்திச் சொன்னேன்: "ஷோலெம் அலெய்ஹெம்."

கிழவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது.

"வாஸர்," என்றார்.

ஏழு கோப்பைகளில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

இலைகள் உதிர்ந்து முடிவதற்குள் அவர் இறந்துபோனார். பணியாளர் தினமும் முந்திச் சொல்லிப் பார்த்தாராம். ஒருமுறையும் திரும்ப வரவில்லை. பெண்மணி எனக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதியிருந்தார். அந்தத் தாள் மட்டும் இல்லாவிட்டால் அப்பா கடைசி நாட்களில் யாருக்கும் புரியாமலே போயிருப்பார் என்று. கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மறுபடி படிக்கவில்லை.

மகள் வீட்டில் துணி மடிக்கும் அறையில்தான் நான் தொழுகிறேன். இடதுபுறம் ஒரு நாற்காலி, அதன் மேல் எப்போதும் துவைத்த துணிகள். தொழுகையின் முடிவில் வலப்பக்கம் திரும்பி ஒரு சலாம், இடப்பக்கம் திரும்பி ஒரு சலாம். அறுபது வருடமாகச் சொல்வது. அதற்கு யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை, எதிர்பார்த்ததும் இல்லை. இப்போது இடப்பக்கம் திரும்பினால் அந்த நாற்காலியில் ஒருவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னதற்கு அவர் பதில் சொல்ல வேண்டுமா, அவர் முதல் நாள் சொன்னதற்கு நான் இன்னும் சொல்ல வேண்டுமா, எது முறை என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.

போன வாரம் மனைவி துணி எடுக்க வந்தவள் வாசலில் நின்றாள். "என்னங்க, தொழுது முடிச்சிட்டு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"கழுத்துப் பிடிப்பு," என்றேன்.

அவள் தைலம் எடுத்துவரப் போனாள்.