கிணற்றடிப் பள்ளிக்குக் கடைசி இடம்

போர்ட் பிளேர் கல்வி அலுவலகத்தில் அறுபதுகளின் முடிவில் புள்ளிவிவரப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவு என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடுகிற ஓர் இயந்திரம், அவ்வளவுதான். அந்த இயந்திரத்தைத் தொடும் உரிமை இந்திராணிக்கு மட்டும் இருந்தது. அவளுடைய கொள்ளுத்தாத்தா கைதியாகக் கப்பலேறி வந்தவர் என்று வீட்டில் சொல்லுவார்கள். அவளுக்குத் தெரிந்த ஊர் இது ஒன்றே. கடைத்தெருவில் இந்தி, வீட்டில் தமிழ், மேசையில் எண்கள் என்று மூன்றும் தடையில்லாமல் வரும். கணவன் உதயசூரியன் தீவுகளுக்கிடையே ஓடும் படகில் இன்ஜின் வேலை பார்த்தான். ஒரே மகள் ருக்கு.

மெயின்லாண்டிலிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரி திருநாவுக்கரசு ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். மனிதர் நல்லவர். வந்த இடத்தில் ஏதாவது செய்துவிட்டுப் போகவேண்டும் என்ற அவசரம் அவரிடம் இருந்தது.

"ஊருக்குள்ள நம்ம பள்ளிக்கூடம் நாலு இருக்கும்மா. எது நல்லா நடக்குது, எது தடுமாறுதுன்னு ஒரே தாள்ல பார்த்ததும் தெரியணும். வாத்தியார் பத்தல. எங்க மூடலாம், எங்க கூட்டலாம்னு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்."

இந்திராணிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அதுவரை யாரும் அவளிடம் ஒரு கருத்தைத் தயாரித்துத் தரச் சொன்னதில்லை. கூட்டிக் கொடு என்பார்கள், கூட்டிக் கொடுப்பாள். தேர்ச்சி பெற்றவர்கள், ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எட்டு வரை தங்கியவர்கள் என்று கட்டங்களை அவளே வகுத்தாள். நான்கு பள்ளிகளிலிருந்தும் விவரம் வரச் சுற்றறிக்கை போனது.

மற்ற மூன்று பள்ளிகளும் பியூனிடம் கொடுத்தனுப்பின. கிணற்றடிப் பள்ளியின் தலைமையாசிரியை ஜெயமணி மட்டும் நேரில் வந்தார். கூலி வேலைக்காரர்களின் குடியிருப்புக்கு நடுவே இருந்த பள்ளி அது. ஜெயமணிக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். கணவரை இழந்த பின் வேலை தேடிக் கப்பலேறியவர். குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தேநீரை வாங்கிக்கொண்டார்.

"இந்திராணி, தங்கினவங்க கட்டத்துல எங்களுக்கு ரொம்பக் கம்மியா வரும். பார்த்துட்டு பயந்துடாதீங்க. முக்காவாசிப் பேரு படிப்பை நிறுத்தினவங்க இல்ல. காட்டிலாகா ஆளுங்களை வடக்கே மாத்துறாங்க. அப்பன் போனா பிள்ளையும் போகுது. டி.சி. வாங்கிக்கிட்டுத்தான் போகுதுங்க. அங்கே மாயாபந்தர்ல ஒழுங்காப் படிக்குதுங்க. அதைக் கீழே ஒரு வரி எழுதிடுங்க, என்ன?"

"எழுதிடறேன் டீச்சர்."

"உங்களை நம்பிப் போறேன். படா சாப், அதான் உங்க பெரிய அதிகாரிகிட்ட நான் வந்து நின்னா கட்சி கட்டுறதா நினைப்பார்."

அந்த ஒரு வரியை இந்திராணி எழுதவில்லை.

ஸ்டென்சில் ஒரு தாளோடு கச்சிதமாக முடிந்திருந்தது என்பது ஒரு காரணம். குறிப்புக்கு இடம் வைத்தால் கட்டங்களைத் திரும்பத் தட்டச்சு செய்யவேண்டும். பார்த்ததும் தெரியவேண்டும் என்றுதானே அதிகாரி சொன்னார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அடியில் வேறொன்று கிடந்தது. முந்தைய வருஷம்தான் ருக்குவைக் கிணற்றடிப் பள்ளியிலிருந்து எடுத்து மேட்டுப் பள்ளியில் சேர்த்திருந்தாள். பஸ் வசதி என்று ஜெயமணியிடம் சொன்னது பொய். கூலிக்காரர் பிள்ளைகளோடு சேர்ந்து மகள் பின்தங்கிவிடுவாளோ என்ற பயம்தான் உண்மை. அதிலிருந்து ஜெயமணியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மேட்டுப் பள்ளி முதலிடத்துக்கு ஏறியது, கிணற்றடிப் பள்ளி கடைசிக்கு இறங்கியது. பார்த்தாயா, நான் செய்தது சரிதான் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று இளைப்பாறியது. அந்த இளைப்பாறலைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

மேட்டுப் பள்ளியின் கதையும் அவளுக்குத் தெரியாததல்ல. சாப்பிடும்போது ருக்கு ஒருநாள் சொல்லியிருந்தாள்: "அம்மா, கணக்கு வராத பிள்ளைங்களை எல்லாம் பரீட்சைக்கு முன்னாடியே வேற ஸ்கூல் பார்த்துக்கோன்னு டீச்சர் அனுப்பிட்டாங்க." அப்படி அனுப்பப்பட்டவர்களில் பாதிப்பேர் வந்து சேர்ந்த இடம் கிணற்றடிப் பள்ளி.

தாள் மேலே போனது. முடிவும் சீக்கிரமே கீழே வந்தது. கிணற்றடிப் பள்ளியின் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகள் மேட்டுப் பள்ளியோடு சேர்க்கப்படும். தலைமையாசிரியைக்கு மாயாபந்தருக்கு மாற்றல். உத்தரவின் நகல் இந்திராணியின் மேசைக்கும் வந்தது. அவள் அதைக் கோப்பில் சேர்த்தாள். ஜெயமணி வந்து கேட்பார், சத்தம் போடுவார் என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். அவர் வரவேயில்லை.

படகு போய்த் திரும்பியதும் உதயசூரியன்தான் சொன்னான். "உங்க டீச்சர் இந்த டிரிப்புல வந்தாங்க. பாவம், வழியெல்லாம் வாந்தி. உன்னைத்தான் விசாரிச்சாங்க."

"என்னன்னு?"

"நல்லா இருக்காளா, ருக்கு நல்லாப் படிக்கிறாளான்னு. வேற என்ன கேட்பாங்க?"

அவள் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அதற்குப் பின் கிணற்றடிப் பக்கம் போவதைத் தவிர்த்தாள். ஆனால் சின்ன ஊரில் எவ்வளவு சுற்றிப் போக முடியும்? ஒருநாள் முற்பகலில், பள்ளி நடக்கிற நேரத்தில், தெருக்குழாயில் குடத்தோடு நீலாவதி நின்றாள். ருக்குவின் பழைய சிநேகிதி. ஆறாம் வகுப்பில் இருந்திருக்கவேண்டியவள்.

"இன்னிக்குச் சுட்டியா, ஸ்கூல் லீவா?" என்று இந்திராணி கேட்டாள்.

"இல்லத்தே. மேட்டு ஸ்கூலுக்குப் படகுத்துறையைத் தாண்டிப் போகணும். அங்கே லாரி ஆளுங்க நிப்பாங்க, வயசுக்கு வரப்போற பொண்ணு வேண்டாம்னுட்டார் அப்பா. நான் மட்டும் இல்ல, எங்க லைன் வீடுகள்ல யாருமே போகல."

நீலாவதி வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. குடம் நிரம்பியதும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இந்திராணி நேராக அலுவலகம் போய் அதிகாரியின் அறைக்கதவைத் தட்டினாள். ஜெயமணி சொன்னது, தான் எழுதாமல் விட்டது, மேட்டுப் பள்ளி கழித்துவிட்ட பிள்ளைகள் எல்லாவற்றையும் சொன்னாள். ருக்குவைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் கையெழுத்துல போன தாளும்மா அது. இப்ப நீங்க வாய்வார்த்தையா வந்து சொன்னா நான் மேல என்ன எழுதுறது? அந்தப் பிள்ளைங்க எங்கே இருக்காங்க, காட்டுங்க. பார்ப்போம்."

அடுத்த படகில் அவள் மாயாபந்தருக்குக் கிளம்பினாள். மழைக்காலக் கடல். தீவிலேயே பிறந்தவளுக்குக் குடல் புரட்டியது. ஜெயமணியும் இப்படித்தானே போயிருப்பார் என்று நினைத்தபோது அந்த அவஸ்தை தனக்கு வேண்டியதுதான் என்று பட்டது.

மூங்கில் தட்டியும் தகரக் கூரையுமாக இருந்தது அங்கிருந்த பள்ளி. ஜெயமணி அவளைப் பார்த்து ஒரு கணம் நின்றார், பிறகு உள்ளே கூப்பிட்டார். இந்திராணி வந்த காரியத்தைச் சொன்னதும் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"போர்ட் பிளேர்ல என்கிட்ட கிணற்றடியில படிச்சவங்க எல்லாம் எந்திரிங்க."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. முன்வரிசையில் இருவர், அதன் பின்னால் ஒரு கூட்டம், கடைசி பெஞ்சில் அத்தனை பேரும். பாதி வகுப்பு எழுந்து நின்றது. பல முகங்களை இந்திராணி அறிவாள். பள்ளியை விட்டு நின்றவர்களாக அவள் கணக்குப் போட்டுத் தள்ளிய பிள்ளைகள். என்னவோ ஏதோ என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குப் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த வகுப்பிலும் அப்படியே. பெயர்களை எழுதிக்கொண்டாள்.

மதியம் ஜெயமணி தன் சாப்பாட்டில் பாதியைப் பகிர்ந்து வைத்தார்.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். வேலை நெருக்கடியில ஒரு வரி விட்டுப்போறது சகஜம்தானே."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"மறக்கல டீச்சர். தெரிஞ்சேதான் விட்டேன். ருக்குவை உங்க பள்ளியில இருந்து எடுத்தது சரிதான்னு அந்தத் தாள் காட்டுச்சு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

ஜெயமணி மேற்கொண்டு சாப்பிடவில்லை. எழுந்துபோய்க் கையை அலம்பிவிட்டு வந்தார்.

"அவ எப்படிப் படிக்கிறா?"

"முதல் ரேங்க்."

"கெட்டிக்காரப் பிள்ளை. என்கிட்ட இருந்திருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பா" என்றார். மணி அடிக்கச் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனார். படகுத்துறை வரை வழியனுப்ப வரவில்லை. இந்திராணி அதை எதிர்பார்த்திருக்கவும் இல்லை.

புதிய தாளில் மாற்றலாகிப் போனவர்களுக்குத் தனிக் கட்டம் இருந்தது. கிணற்றடிப் பள்ளி இரண்டாவது இடத்துக்கு வந்தது. திருநாவுக்கரசு சொன்ன சொல் தவறாமல் தன் தவறென்றே எழுதி மேலே அனுப்பினார். மறுவருஷம் வகுப்புகள் பழைய இடத்துக்குத் திரும்பின. ஜெயமணி திரும்பவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்; அவர் கேட்கவில்லை. மாயாபந்தரிலேயே ஓய்வு பெற்றார்.

தீவுகளின் எல்லாப் பள்ளிப் படிவங்களிலும் அந்தக் கட்டம் நிரந்தரமாக இடம்பெற்றது. வருகிற அதிகாரிகள் இது யார் யோசனை என்று பாராட்டும்போது, "ஜெயமணி டீச்சர் சொன்னது சார்" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அடக்கமானவள் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கினாள். அந்தப் பெயரும் அவளை உறுத்தியது.

அதற்கெல்லாம் முன், வகுப்புகள் திரும்பிய வாரமே அவள் நீலாவதியின் வீட்டுக்குப் போனாள். தாய் மரகதம் வாசலிலேயே நின்று பேசினாள். "வண்டூர்ல என் தங்கச்சிக்குப் பிள்ளை பொறந்திருக்கு. பார்த்துக்க அனுப்பிட்டேன். சும்மாதானே கிடந்தா?"

இந்திராணி வண்டூருக்கும் பஸ் ஏறினாள். நீலாவதி இடுப்பில் குழந்தையோடு, கருவாடு காயும் பாயருகே காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்குள் நெடுநெடுவென வளர்ந்திருந்தாள்.

"கிளாஸ் மறுபடி வந்துடுச்சு நீலா. நீ வரியா? உங்க அப்பாகிட்ட நான் பேசறேன்."

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "இப்ப போனா என்னைவிடச் சின்னப் பிள்ளைங்களோட உட்காரணும். படிச்சதும் மறந்துபோச்சு, வேண்டாம்த்தே. ருக்கு நல்லா இருக்காளா? என்னைக் கேட்டாளா?"

"கேட்டா" என்றாள் இந்திராணி. உண்மையில் ருக்கு கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

உன் படிப்பு நின்றது என்னால்தான் என்று சொல்லத்தான் அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். சொன்னால் இந்தப் பெண் தன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாள், அதையும் அவள்மேல் சுமத்துவதா என்று தோன்றியது. குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். நீலாவதி கைகளை வீசி ஓடிக் காக்கைகளை விரட்டினாள். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.