கையை இறக்காத தேவிப்பிரியா

சீட் காலியாக இருந்தாலும் தேவிப்பிரியா உட்காரமாட்டாள். நெமிலிச்சேரியில் ரயில் ஏறியதும், தோள் பையைக்கூட இறக்காமல், மேலே ஆடுகிற இரண்டு பிடிவளையங்களில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றுவிடுவாள். யாரோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டிய மாதிரி ஒரு நிலை. பட்டரவாக்கம் வரைக்கும் அதே நிலைதான்.

"ஒக்காரேன்டி, இன்னா டிக்கெட் எடுக்கலயா?" என்று யாராவது கேட்டால், "நாள் பூரா ஒக்காந்துகினுதானே கீறேன், நீ ஒக்காரு" என்பாள். அதனால் பெண்கள் பெட்டியில் அவளுக்கு தர்மவதி என்று பெயர். ஆவடியில் ஏறுகிறவர்கள் அவள் விட்டுக்கொடுத்த சீட்டில் கால் நீட்டிக்கொண்டு அவளையே புகழ்வார்கள்.

தர்மமும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. கையைத் தொங்கப்போட்டால் கொஞ்ச நேரத்தில் புறங்கையிலிருந்து முழங்கை வரை வெளிறிய புள்ளிகள் பூத்துவிடும். பெருக்காத வாசலில் கோலப்பொடி சிந்திய மாதிரி. கையைத் தூக்கினால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். காலிலும் இதே கதை. அதற்காக மே மாத வெயிலிலும் சாக்ஸ் மேல் செருப்பு. கேட்டால், "பித்தவெடிப்பு யக்கா, பாத்தா பயந்துடுவே."

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டாமல் இல்லை. டாக்டரம்மா அவள் கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லி, மறுபடி தூக்கச் சொல்லி, சிரித்துவிட்டார். ரத்த ஓட்டத்தில் ஒரு சின்ன விளையாட்டாம். ஒட்டாது, பரவாது, வளராது, மருந்தும் வேண்டாம். தேவிப்பிரியாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு சத்து மாத்திரையாச்சும் எழுதிக் குடுங்க மேடம்" என்று கெஞ்சிப் பார்த்தாள். மாத்திரை இல்லாத வியாதியை ஊரில் யார் நம்புவார்கள்?

அவள் பயம் காரணமில்லாததும் இல்லை. முன்பு வேலை பார்த்த கம்பெனியில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் ட்ரம் மேலே இருந்த டம்ளர்களில் அவள் குடிக்கிற டம்ளர் மட்டும் ஒருநாள் ஜன்னல் கட்டைக்கு நகர்ந்தது. அவ்வளவுதான். இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சட்டை ஏற்றுமதி செய்கிற வேறு கம்பெனியில் செக்கிங் வேலை. ஒவ்வொரு சட்டையையும் ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு புள்ளி இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கவேண்டும். கை எப்போதும் உயரத்திலேயே இருப்பதால் அவளுக்கு ஸ்டிக்கர் விழவில்லை.

கம்பெனி போனால் போகட்டும், வேறொன்று கிடைக்கும். ரயில் பெட்டி கிடைக்காது. அங்கே காலைச் சாப்பாடு யாருடையது என்று கிடையாது. வசந்தா அக்கா இட்லி எடுப்பாள், ஜமீலா முட்டைப் பொரியலைத் திறப்பாள், டப்பாக்கள் மடி மாறி மடி போய், வரும்போது காலியாக வரும். வெள்ளிக்கிழமை தேவிப்பிரியாவின் பருப்பு வடை. வீட்டில் மாமியாரும் புருஷனும் அவள் சமைத்ததைப் பேசாமல் தின்று எழுந்து போகிறவர்கள். டப்பாவில் நாலு கை ஒன்றாக விழுந்து அடித்துக்கொள்வதைப் பார்க்க அவளுக்கு வாரத்தில் இந்த ஒரு ரயில்தான்.

"இன்னாடி இது, வடையா கருங்கல்லா? தண்டவாளத்துல வெச்சா ரயிலு கவுந்துடும்" என்பாள் ஜமீலா, மூன்றாவது வடையை மென்றுகொண்டே. தேவிப்பிரியா மேலே வளையத்தில் தொங்கியபடி சிரிப்பாள். முகமெல்லாம் பல்.

போன வெள்ளிக்கிழமை காலை வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கும்போது அவளுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. கை மேலே ஏறவில்லை. லீவு போட்டிருக்கலாம், ஊறவைத்த பருப்பை என்ன செய்வது? வடை சுட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கென்று ரயிலில் உட்கார இடமும் இல்லை. கதவோரக் கம்பியில் சாய்ந்து, கையைத் தொங்கவிட்டு நின்றாள்.

ஆவடியில் ஏறிய ரேஷ்மா, துணிக்கடையில் வேலை செய்கிற சின்னப் பெண், முதலில் பார்த்தாள். "யக்கா, இன்னாக்கா கையில சுண்ணாம்பு?" என்று துப்பட்டா நுனியால் அக்கறையாகத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. துப்பட்டா நுனியை மெதுவாக விட்டுவிட்டாள்.

தேவிப்பிரியா அவசரப்பட்டுவிட்டாள். உண்மையைக் காட்டிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தாள். "ஒண்ணுமில்லடி, ஒட்டற வியாதி இல்ல. டாக்டரே சொல்லிட்டாங்க. இப்போ பாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்கிற கையைத் தூக்கினாள். புள்ளிகள் மறைந்தன. இறக்கினாள். காத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பதால் அந்தப் பெட்டிக்கே தலைமை மருத்துவரான வசந்தா அக்காதான் வாயைத் திறந்தாள். "வெண்குஷ்டம்னாகூட வந்த எடத்துல குந்திக்கினு கெடக்கும். இது இன்னாடியம்மா, வர்றதும் போறதுமா கீது?"

நிரூபணம் எமனாக முடிந்தது.

தேவிப்பிரியா டப்பாவைத் திறந்து நீட்டினாள். வடை இன்னும் சூடாக இருந்தது.

"எனக்கு இன்னிக்கு வெரதம்டி" என்றாள் வசந்தா அக்கா. வாயில் பாதி இட்லி இருந்தது.

"நான் எண்ணெய்ப் பலகாரம் வுட்டுட்டேன்க்கா" என்றாள் ரேஷ்மா, ரயில் கூரையைப் பார்த்து.

"தேவி, நீ ஒக்காரு, தோளு வலிக்குதில்ல" என்று எழுந்து இடம் விட்டார்கள். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் இடித்துக்கொண்டு போகிற ரயிலில், அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் காலி.

டப்பா மடியில் திறந்தே கிடந்தது. அம்பத்தூர் தாண்டியதும் எதிர் சீட்டிலிருந்து ஜமீலா கையை நீட்டி ஒரு வடையை எடுத்தாள். தேவிப்பிரியாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கருங்கல் என்று திட்டுவாள் என்று காத்திருந்தாள்.

"வாசனையே சூப்பரா கீது தேவி" என்றாள் ஜமீலா. கடிக்கவில்லை. வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மகன் பரீட்சை, வீட்டு வாடகை என்று இல்லாத பேச்செல்லாம் பேசினாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வடையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பட்டரவாக்கம் வந்தது. இறங்கியதும் ஷிஃப்டுக்கு ஓடுகிறவள், அன்று நடைமேடையிலேயே நின்று ஜன்னலைப் பார்த்தாள். கம்பிகளுக்குப் பின்னால் ஜமீலாவும் அவளைப் பார்த்தாள். இருவருக்கும் தெரிந்துவிட்டது, எதற்காக நிற்கிறாள் என்று. ஜமீலா வடையை மெல்ல வாய்க்கருகே கொண்டுபோனாள். உதட்டில் பட்டது. கண் கலங்கியிருந்தது. பல் திறக்கவில்லை.

ரயில் ஊதியது. வடை வாய்க்குள் போகுமா, தண்டவாளத்துக்குப் போகுமா என்று பார்க்க மனமில்லாமல், தேவிப்பிரியா சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். கடைசிப் பெட்டியின் சத்தம் அடங்கும்வரை திரும்பவேயில்லை.