கைரன்பானும் பதினான்கு ரீயும்

வாடகைக் கட்டடங்களில் குடியிருப்போரைச் சங்கமாகச் சேர்ப்பதுதான் என் வேலை. ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

மோர்னிங்சைட் என்ற பகுதியில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் பழுதாகி ஆறாவது கிழமை. ஒன்பதாம் மாடியில் சூசை அண்ணை. கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ். போகவும் வரவும் படிதான்.

"உப்பிடியே போனால் நான் டயாலிசிசை விட்டிடுவன், பிள்ளை," என்றார். கட்டட மனேஜரை அழைத்துக் குடியிருப்போர் கூட்டம் வைப்பதென்று அன்றே முடிவெடுத்தேன்.

என்னோடு வேலை செய்த கெய்கோ ஜப்பான்காரி. ஊர்கூடிப் போராடுவதற்கு அவளிடம் ஒரு கொப்பி நிறைய எழுதிய ஜப்பானியச் சொற்கள் இருந்தன. முதற்சொல் கைரன்பான்: அறிவித்தல் செருகிய மட்டை. வாசித்து ஒப்பமிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கூட்ட அறிவித்தலைச் செருகி முதற்கதவில் கொழுவினோம். நாலு நாளாக அசையவில்லை. கதவைத் தட்டினேன்.

"கொழுவிப்போட்டுப் போக உதென்ன பீட்சாக்கடை நோட்டீசோ? முறையா வந்து சொல்லவேண்டாமோ?" என்று பாய்ந்தார் அந்த வீட்டு அன்ரி.

கட்டடத்தில் முக்கால்வாசி புலம்பெயர்ந்து வந்த எங்கள் தமிழ்ச்சனம். கலியாணக் கார்டைத் தபாலில் போட்டால் கலியாணத்துக்கே வராதவர்கள். மடைச்சி, நான் மறந்துபோனேன்.

கெய்கோ இரண்டாம் சொல்லை எடுத்தாள்: நெமவாஷி. மரத்தை இடம் மாற்றி நடுமுன் வேரைச் சுற்றி மண் இளக்குவதாம். அதாவது, கூட்டத்துக்கு முன்பே ஆளாளாகக் கண்டு கதைப்பது.

"அடி, உது எங்கடை கலியாணத்துக்குச் சொல்லுற முறையெல்லோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

இருவரும் வீடு வீடாக ஏறினோம். எல்லா வீட்டிலும் ரீ ஊற்றித் தந்தார்கள். பதினான்காவது கோப்பையோடு கெய்கோ வயிற்றைத் தடவி, இதற்கு ஜப்பானிய மொழியில் சொல்லே இல்லை என்றாள்.

கூட்டத்தன்று லொபி நிரம்பியது. பட்டுச்சேலையோடும் வந்தார்கள். கட்டட மனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்கள் சொல்லும் அந்த நோயாளி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். திரும்பிப் பார்த்தேன். சூசை அண்ணை இல்லை.

ஒன்பது மாடியும் ஓடினேன். மனுசன் ரிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"அண்ணை, கூட்டம் தொடங்கீட்டுது!"

"எனக்கு ஆர் வந்து சொன்னது?"

ஐயோ! கூட்டமே அவருக்காகத்தானே என்று அந்த ஒரு கதவை மட்டும் விட்டுவிட்டோம். வெட்கத்தில் கூசிப்போனேன். வெளியே போய்க் கதவைத் தட்டி, "அண்ணை, இண்டைக்குக் கூட்டம். நீங்கள் கட்டாயம் வரவேணும்," என்றேன்.

"ஓம், வாறன். இருந்து ரீ குடியுங்கோ."

குடித்தேன். பிறகு என் தோளைப் பிடித்தபடி இறங்கினார். மாடிக்கு மாடி நின்று மூச்செடுத்தார். முக்கால் மணி நேரம் சென்றது. ஒருவரும் கலையவில்லை, மனேஜரையும் போகவிடவில்லை. அண்ணையின் முகத்தைக் கண்டதும் மனேஜர் அங்கேயே நின்று லிஃப்ட் கொம்பனிக்குப் போன் எடுத்தார்.

பிள்ளைகளே, யாருக்காகப் போராடுகிறீர்களோ, அவர் வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள்.