மீன்காரம்மா சொன்ன சேதி

பாகூர் பக்கம் ஊர்ச் சண்டைகள் முற்றுமுன் பேசித் தீர்க்கும் குழுவில் இருந்தேன். மொபெட்டில் மீன் விற்கும் ஒல்லியான அம்மா ஒருவர் அங்கே எனக்குப் பழக்கம். எந்த வாசலிலும் நாலு வார்த்தை பேசாமல் நகரமாட்டார்.

கபடிப் போட்டியில் இரண்டு தெருவுக்குள் தகராறு. மறுநாள் காலை அவர் போன் செய்தார்.

"தம்பி, ரெண்டு தெருவுலயும் புள்ளைங்கள சொந்தக்காரங்க வூட்டுக்கு அனுப்புறாங்க. இன்னான்னு பாருங்க."

பிள்ளைகளை அப்புறப்படுத்தினால் அடிதடிக்குத் தயாராகிறார்கள் என்று புரிந்து ஓடினோம். இருதரப்புப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசினோம். சாயங்காலத்துக்குள் சமாதானமானது.

"குழுவில் உங்களையும் சேர்க்கட்டுமா?" என்றேன்.

தராசைத் துடைத்தபடி, "என் பேர எழுதாதபா. எழுதினா நாளைக்கு எவ எங்கிட்ட வாயத் தொறப்பா?" என்றார்.

நன்றிக் கூட்டத்தில் சமாதானத்துக்கு உதவிய எல்லாருக்கும் சால்வை போர்த்தினோம். அந்நேரம் அவர் வெளியே, இரண்டு தெருப் பெண்களுக்கும் மீன் நிறுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாய்வரை வந்தது, கூப்பிடவில்லை.